மாமா தந்த ரேடியம் மை

பேராச்சிக்குப் பிடுங்கிய பல்லின் குழி ஆறவே இல்லை. தாடை வீங்கி, கஞ்சி குடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறாய் என்று இந்தியில் கேட்டார். தாராவிப் பட்டறையில் கடிகார எண்களுக்கு, இருட்டில் ஒளிரும் ரேடியம் மை பூசுகிற வேலை. ஒவ்வோர் எண்ணுக்கும் பிரஷ்ஷை உதட்டில் வைத்து நுனியைக் கூராக்க வேண்டும். அந்த மையின் துகள் எலும்பில் போய்த் தங்கி உள்ளிருந்தே அரிக்கிறது, இது புற்றுநோய் என்றார் டாக்டர். வாயில் வைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையா என்றும் கேட்டார்.

யார் சொல்வார்கள்? வாயில் வைக்கக் கற்றுக்கொடுத்ததே மேஸ்திரி பிரம்மநாயகம்தான். அவளுடைய தாய்மாமன். சீனச் சண்டைக்குப் பிறகு ராணுவக் கடிகாரங்களுக்கு ஆர்டர் குவிந்தபோது, அப்பா இல்லாத பிள்ளையையும் அம்மாவையும் ஊரிலிருந்து கூட்டி வந்தவர். பாவம், மாமாவுக்கும் தெரிந்திருக்காது என்று பதறிக்கொண்டு, தாராவியிலேயே லேபர் கேம்ப் குடியிருப்பில் இருந்த அவர் வீட்டுக்கு நேரே ஓடினாள். எவ்வளவு வெள்ளை மனசு பாருங்கள்!

"மாமா, அந்த மை வெசமாம். எனக்குப் புத்துநோயாம். மத்த பிள்ளையளயாவது வாயில வைக்க வேண்டாம்னு சொல்லிருங்க."

மாமா திடுக்கிடவில்லை. "அப்படியா" என்றுகூடக் கேட்கவில்லை. அத்தை கோமதியம்மாள்தான் தாங்கமாட்டாமல் அடுக்களையிலிருந்து வந்தாள்.

"நான் அப்பவே முட்டிக்கிட்டேன், பிள்ளையள்ட்ட சொல்லிருங்கன்னு. சீமையில இந்த மையால எத்தனையோ பொம்பளைய செத்துட்டாளுவளாம். போன தீவாளிக்கே மொதலாளி இவுகள்ட்ட சொல்லிட்டாரு. வெளிய சொன்னா வேல நின்னுரும்னு இவுக வாயத் தொறக்கல."

பேராச்சிக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. போன தை மாதம் மாமா மகனுக்கு அவளைப் பேசி முடிப்பதாக இருந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று மாமாவே வந்து கலைத்துவிட்டுப் போனார். அவளும் கிரகத்தைத் திட்டி அழுது தீர்த்தாள்.

"அப்ப, ஜாதகம் சரியில்லன்னது பொய்யா மாமா?"

"எனக்கு ஒத்தப் பையன்லா, ஏட்டி" என்று முனகினார் மாமா.

பெற்ற அப்பனைப் போல நம்பியிருந்தாளே!

"ஒங்க பையன நீங்க காப்பாத்திட்டீய. சரி. ஆனா, கல்யாணத்தக் கலைச்ச மறுநாக் காலையில நான் வேலைக்கு வந்தேனே மாமா. நீங்கதான மையக் கலக்கிக் குடுத்தீய!"