பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று

1

இந்தக் கதை ஒரு கையிலிருந்து தொடங்கியது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஓசூர் பாகலூர் ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையொன்றில் பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க நின்றிருந்தேன். ஒருவர் லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண். ரிப்பன் வந்தது, நான் போய்விட்டேன். மெஹபூப் பாஷா என்பது நான் அவருக்கு வைத்த பெயர். மற்றதெல்லாமும் நான் வைத்ததே.

2

முதல் தொடக்கம்: "மெஹபூப் பாஷாவுக்குப் பாட்டு என்றால் உயிர், அவர் மனைவி தில்ஷாத்துக்கோ படம் என்றால்—"

வேண்டாம். விளம்பரம்போல இருக்கிறது.

இரண்டாவது: "மெஹபூப் பாஷாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது."

உண்மை இதுதான். ஆனால் அவர் தனக்குள்கூட இப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. சிப்காட்டில் பிரஸ் ஷாப் வேலை. தகடு வெட்டும் இரைச்சலில் பேச்சு எடுபடாது. மெஷின் சரியாக ஓடுகிறதா என்பதை அங்கிருப்பவர்கள் அதன்மேல் கையை வைத்தே தெரிந்துகொள்வார்கள். வீட்டில், டேப் ரெக்கார்டர் மங்கிவிட்டது என்று அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டு ஜெயமணி வந்து சலித்துக்கொண்டு போனாள். அப்போதும் கெட்டது டேப்தான் என்று நின்றார்.

அப்படி நின்றதற்குக் காரணம் தில்ஷாத். சப்பாத்தி தேய்க்கும்போது அவள் பாடுவாள். இப்போதெல்லாம் அவருக்கு உதடு அசைவது மட்டுமே தெரிகிறது. எதிரில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார். காது போனது தெரிந்தால் பாடுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

(இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்காத பாட்டு நின்றுபோனால் ஒருவருக்கு என்ன நஷ்டம்? பேனாவை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நஷ்டம் இருக்கிறது என்றே தோன்றியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.)

3

தில்ஷாத் கல்யாண வீடுகளில் மருதாணி வைக்கப் போகிறவள். தான் மருதாணி வைத்த கைகளையெல்லாம் படம் எடுத்து வைத்திருந்தாள். ஸ்டுடியோக்காரர் அவற்றை சி.டி.யில் ஏற்றித் தந்திருந்தார். ஒரே பெட்டியில் படமும் பார்க்கலாம், பாட்டும் கேட்கலாம் என்று கேன்டீனில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார் மெஹபூப் பாஷா. புதியது அவர்கள் கைக்கு எட்டாது. பெங்களூர் கம்பெனிகள் கழித்துவிட்டதை வாங்கி வந்து விற்கும் முனிராஜிடம், எட்டுகிற விலையில் இரண்டு இருந்தன.

சாம்பல் நிற லேப்டாப்பில் படம் பளிச்சென்றிருந்தது; பாட்டு கொசு பாடுவதுபோல வரும். கறுப்பில் பாட்டு கடை முழுக்கக் கேட்கும். படமோ கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே வெளுத்துவிடும். இரண்டும் நன்றாக இருக்கிறது ஒன்று இல்லையா என்று தில்ஷாத் கேட்டாள்.

"இருக்குதுக்கா. அத தொட்டாலே வெலை சுடும்," என்றான் முனிராஜ்.

4

கறுப்பு லேப்டாப்பில் முனிராஜ் பாட்டு சி.டி.யைத் தள்ளினான். மெஹபூப் பாஷா உள்ளங்கையை வைத்தார். உள்ளே ஒரு துடிப்பு சீராக, பலமாக ஓடியது. கண்ணை மூடிக்கொண்டார்.

[அவர் என்ன நினைத்தார் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

"இதான் பாட்டு," என்றார். "தாளம்லாம் எவ்ளோ சுத்தமா வருது பாரு."

முனிராஜ் அவரையே பார்த்தான். "பாய், நான் இன்னும் பாட்டே போடல. சி.டி. சுத்துது, அவ்ளோதான்."*

யாரும் பேசவில்லை.

(இந்த மௌனத்துக்கு ஒரு வரி போதாது. இன்னும் ஒன்று விடுகிறேன்.)

. . . . . . . .

தில்ஷாத் சிரித்தாள். "அவுரு கிண்டல் பண்றாரு முனிராஜு. நாள்பூரா தகரத்தோட இருக்கறவருக்கு இதுவே பாட்டுதான்." பிறகு கணவரின் முகத்துக்கு நேராகத் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "சாம்பல் கலரே எடுத்துக்கலாங்க. படம் நல்லா தெரியுது. பாட்டுக்கு நம்ம டேப்ப ரிப்பேர் பண்ணிக்கலாம்."

அவர் தலையாட்டினார். எப்போதிலிருந்து இவள் இப்படி முகத்துக்கு நேராக நின்று பேசுகிறாள்? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. டேப் கெட்டுப்போனது என்று நம்புகிறாளா, நம்புவதுபோல இருக்கிறாளா?

* முனிராஜ் சொன்னதை நான் உங்களுக்கு முழுதாக எழுதிவிட்டேன். அவருக்கு அதில் பாதிதான் விழுந்திருக்கும். மீதியை அவன் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

5

முடிவு ஒன்று: வீட்டுக்குப் போனதும் அவர் உண்மையைச் சொல்கிறார். எனக்கு எப்பவோ தெரியும் என்கிறாள் அவள். எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். அவர்கள் அப்படிப் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை.

முடிவு இரண்டு: அன்று சப்பாத்தி தேய்க்கும்போது அவள் உதடு—

முடியவில்லை.

மிச்சம் இருப்பது வழி மட்டும்தான். மொபெட்டில் போகிறார்கள். இருவருக்கும் நடுவே, துணி சுற்றிய சாம்பல் லேப்டாப்பை அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். அதன் விளிம்பு அவர் முதுகில் அழுந்துகிறது. மேடு ஏறும்போது முதுகில் ஓர் அதிர்வு. எஞ்சினுடையதா? அவள் பாடுகிறாளா? கண்ணாடியில் முந்தானையின் நுனி மட்டும் பறக்கிறது, உதடு தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் தலையை ஆட்டுகிறார்.

வண்டியை நிறுத்தினால் தெரிந்துவிடும். அவர் நிறுத்தவில்லை. நானும் கொஞ்சதூரம் கூடவே போய்ப் பார்த்தேன். எனக்கும் லாரிச் சத்தம்தான் கேட்டது. நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், நீங்கள் நிறுத்துங்கள்.