பிரியாத தையல்

தையல்காரரின் மச்சான் லாரி ஓட்டுகிறவர். ஒருமுறை ஏற்றத்தில் நின்றுபோன லாரியை, இறங்கிப்போய்ப் பின்னால் ஓர் உதை விட்டார். அது கிளம்பிவிட்டது. துரத்திப்போய் ஏறுவதற்குள் அடுத்த ஊரே வந்துவிட்டதாம். பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட காலை வெறுங்கையால் தடுக்க வேண்டும் என்று தையல்காரர் தலையில் எழுதியிருந்தது. எழுதியது மனைவி. சர்க்கரை ஏறுகிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே கணவரையும் தம்பியையும் ஒரே கராத்தே வகுப்பில் சேர்த்து, ஜோடியும் போட்டுவிட்டாள்.

"ஊரான்கிட்ட உதை வாங்குறதுக்கு நம்ம தம்பிகிட்ட வாங்கிட்டுப் போங்க. வெளிய தெரியாது" என்றாள்.

வகுப்பெடுத்தவர் ஒரு தபால்காரர். தனக்குத் தெரிந்த உதாரணத்தைத்தான் சொன்னார்.

"உதைய பிடிக்கப் போகாதீங்க சார். விரல நீட்டவே கூடாது. கைய மூடிக்கிட்டு முன்கையால பக்கவாட்டுல தள்ளுங்க. முகவரி தப்பி வந்த தபாலுன்னு நெனச்சுக்கங்க. வாங்காதீங்க, அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுங்க."

அது தையல்காரருக்குப் புத்தியில் ஏறியது, கையில் ஏறவில்லை. மேசையிலிருந்து நழுவும் துணியைத் தரை தொடுமுன் பிடித்தே முப்பது வருஷம் பழகிய கை அது. உதை வந்தாலும் விரல்களை விரித்துக்கொண்டு பிடிக்கப் போனது. போன மாதம் சுண்டுவிரல் பிசகியது. அந்தப் பத்து நாளில் தைத்த காலர்களெல்லாம் கோணல். அதில் ஒன்றைப் போட்ட குமாஸ்தா இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நடந்து, இடப்பக்கத்து வீட்டிலேயே பெண் எடுத்தார்.

ஊர் சிரித்தது. தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. சுண்டுவிரலோடு போயிற்று. கத்தரி பிடிக்கிற கட்டைவிரல் போனால்? சோறு போடுவது அந்த விரல்தான். சாப்பிடும்போதுகூட அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. மூன்று உதை. கையால் மட்டுமே தடுக்க வேண்டும். சாக்பீஸ் கட்டத்தைத் தாண்டிப் பின்வாங்கினால் தோல்வி. புதன்கிழமை மச்சான் தன் பயிற்சிப் பேண்ட்டோடு கடைக்கு வந்தார்.

"மாமா, கவட்டுல பிரிஞ்சிருச்சு. தச்சு வைங்க. ஞாயித்துக்கிழமை பயமா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. அக்காவ வரச்சொல்லிடலாம். அவ முறைச்சாலே என் கால் இறங்கிடும்."

"போடா மச்சான், பார்த்துக்கலாம்" என்றார் தையல்காரர்.

பேண்ட்டை மேசையில் விரித்தார். கால் தாராளமாக விரிவதற்காகக் கவட்டில் ஒரு சதுரத் துண்டு வைத்திருந்தது. அவரே வைத்ததுதான். அது இல்லாவிட்டால் கால் முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது. கட்டைவிரலைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். கத்தரி தானாக நகர்ந்ததுபோல்தான் இருந்தது.

துண்டை வெட்டிக் கழிவுக்கூடையில் போட்டுவிட்டு இரு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தார். அங்கேதான் தொழில் அவரைக் கெடுத்தது. திருட்டுத் தையல்தானே, ஏனோதானோ என்று ஓட்டிவிட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. கெட்டி நூலில் இரட்டைத் தையல் போட்டு, முனையில் மூன்று முறை திரும்ப ஓட்டி, இழுத்தும் பார்த்தார். யானை இழுத்தாலும் பிரியாது.

ஞாயிறு காலை மச்சான் கட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார். பேண்ட் கொஞ்சம் பிடிக்கிறது என்று இரண்டு முறை இழுத்துவிட்டுக்கொண்டார். தையல்காரர் கையை மூடி முன்கையை இறக்கினார். உதை கிளம்பியது.

பாதி வழியில் நின்றது. லாரியைக் கிளப்பிய வேகம் போக இடமில்லாமல் ஊன்றிய காலைப் பிடுங்கிக்கொண்டு போனது. மச்சான் முழு உடம்போடு தரையில் விழுந்தார். கணுக்காலில் ஒரு சத்தம் கேட்டது. தையல் பிரியவில்லை.

தையல்காரரின் கை காற்றைத் தள்ளிய நிலையிலேயே நின்றது.

"சபாஷ்! இதான் சார் தடுப்பு!" என்றார் தபால்காரர். கை பட்டதை யாருமே பார்க்கவில்லை. அவ்வளவு வேகம் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். வலியில் முனகிக்கொண்டே மச்சானும், "மாமா, உங்க கை பட்டதே தெரியல" என்றார்.

கணுக்காலில் எலும்பு முறிவு. மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது. ஆஸ்பத்திரியில் பேண்ட்டை வெட்டித்தான் எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மனைவி அந்தப் பேண்ட்டைக் கொண்டுவந்து தையல் மிஷின்மேல் வைத்தாள். அதன்மேல் சதுரத் துண்டு ஒன்றையும் வைத்தாள். கழிவுக்கூடையைக் கொட்டுவது அவள்தான். கடையில் பாதித் தையலும் அவளுடையதுதான்.

தையல்காரர், "மச்சான்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? ஊருக்கெல்லாம் என் மாமா மாதிரி தடுக்க ஆளில்லன்னு படுத்துக்கிட்டே சொல்லிட்டிருக்கான். கேக்க நல்லாத்தான் இருக்கு. போய் நீங்களும் கேளுங்க."

உள்ளே போய்விட்டாள்.

இரட்டைத் தையலைத் தானே பிரித்து, துண்டை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. ஆஸ்பத்திரியில் வெட்டிய இடத்தையும் சேர்த்துத் தைத்து, மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்கு நடந்தார். பேண்ட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். முன்னால் வைத்திருந்தால் பழக்கதோஷத்தில் தடுத்துவிடும்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்" என்றார்.

ஒரு காலில்தான் மாவுக்கட்டு. இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது.