அண்ணி கண்ட ஒட்டடை

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், கூரையைத்தான் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒட்டடை தேடுவார்.

"உலகத்துக் கிருமியெல்லாம் பிடிக்கிற டாக்டரம்மாவுக்கு ஒட்டடை மட்டும் கண்ணுல படாது."

நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் கிருமிகளைக் கண்டுபிடிக்கும் டாக்டர். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொன்ன இடத்தில் ஒட்டடை இருந்து தொலைக்கும், அதுதான் கூடுதல் எரிச்சல்.

அப்படிப்பட்ட அண்ணி குடல் ஆபரேஷன் முடிந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். வாயால் சாப்பிட முடியாது. கழுத்து ரத்தக்குழாயில் செருகிய டியூப் வழியாகத்தான் ஆகாரம். காய்ச்சல் பிடித்த பிடியை விடவில்லை. சர்ஜன் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். நானும் அண்ணியின் ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்துவிட்டேன், எதுவும் முளைக்கவில்லை. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. "அக்காவ எப்படியாவது காப்பாத்திடு" என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று நாங்கள் பார்க்கப் போனபோது அண்ணி மேலே பார்த்தபடி முனகினார்.

"ஒட்டடை தொங்குது. இங்கயும் அதே லட்சணம்தானா?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா தேறிடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். நானும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். துடைத்துவிட்ட மாதிரி வெள்ளைக் கூரை. ஒரு நூல்கூட இல்லை.

"எங்க அண்ணி?"

"நான் பாக்கற பக்கமெல்லாம் கூடவே வருதே."

என் சிரிப்பு நின்றுவிட்டது. கூரையில் இருக்கும் ஒட்டடை அசையாது. கூடவே வருகிறதென்றால் அது இருப்பது கண்ணுக்குள்.

ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்டுக்குச் சொந்தக்காரப் பூஞ்சை ஒன்று நம் குடலில் சாதுவாகக் குடியிருக்கிறது. அதை அடக்கி வைத்திருக்கும் பாக்டீரியாவை மருந்து கொன்றுவிட்டால், குடலையும் வெட்டித் தைத்திருந்தால், கழுத்தில் ஒரு டியூபும் இருந்தால், ரத்தத்துக்குள் புகுந்துவிடும். புகுந்தது கண்ணிலும் போய் உட்காரும், அதன் நிழல் ஒட்டடை மாதிரித் தெரியும். அண்ணிக்கு இந்த மூன்றும் இருந்தன.

சர்ஜனிடம் ஓடினேன்.

"ஐசியூல படுத்திருக்கறவங்க ஆயிரம் சொல்வாங்க டாக்டர். உங்க ரிப்போர்ட்லயே ஒண்ணும் இல்லையே."

"என் ரிப்போர்ட்ட நம்பி உக்காராதீங்க சார். இந்தப் பூஞ்சை பாதி நேரம் அதுல சிக்காது. ஆனா எங்க அண்ணி இல்லாத ஒட்டடைய இருக்குன்னு சொன்னதே கிடையாது."

சர்ஜன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் கண் டாக்டரை வரச் சொன்னார். அவர் சொட்டு மருந்து விட்டு, லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். வலது விழித்திரையில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளைத் திட்டுகள்.

அன்றே கழுத்து டியூபை எடுத்தார்கள், பூஞ்சைக்கான மருந்தை ஏற்றினார்கள். அப்போது எடுத்த ரத்தம் பிறகு என் பாட்டிலில் முளைத்தது. மைக்ராஸ்கோப்பில் அதே பூஞ்சை, உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு குட்டி உருண்டை. அதற்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கண்ணுக்கு மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள்.

மருந்தெல்லாம் முடிந்து அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தினார்.

"மூலையில ஒட்டடை."

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"இடது கண்ண மூடிக்குங்க அண்ணி. வலது கண்ண மட்டும் அப்படி இப்படி உருட்டுங்க. கூட வருதா?"

உருட்டினார். "வரலியே. அங்கயேதான் தொங்குது."

ஸ்டூல் போட்டு ஏறினேன். இருந்தது. தூசு படிந்த, சாட்சாத் ஒட்டடை. ஸ்டூலின் மேல் நின்றபடியே ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஒட்டடைக்கு எதுக்குடி அழற?" என்றார் அண்ணி. "குச்சிய எடுத்து அடி."