உமிக்கரித் தண்ணீர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருந்த காலனியில் வளர்ந்தவள் சோனியா. அங்கே போர் தண்ணீரில் ஈயம் கலந்திருந்தது. மீஞ்சூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும், உமிக்கரியால் அந்த ஈயத்தை வடிகட்ட முடியுமா என்றுதான் பார்த்தாள். முழுதாக முடியும் என்றது அவளும் அவளுடைய கைடு வரதனும் எழுதிய கட்டுரை. காலனியில் எதிர்வீட்டு மேரி, சோனியா சொன்னதை நம்பி, கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு டிரம்மில் உமிக்கரி நிரப்பினாள்.

கட்டுரை வெளிவந்த சில மாதங்களில் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு வேறு சோதனைகளுக்கு ஒரே வரைபடம் போட்டிருப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். சோனியா கொடுத்த படம் அதுவல்ல.

அவள் போய்க் கேட்டதும் வரதன் அறைக் கதவைச் சாத்தினார். "ரெண்டாவது தடவ ரிசல்ட் சரியா வரலம்மா. ப்ரமோஷனுக்கு டைம் இல்ல. நான்தான் மாத்திட்டேன்." கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். "உன் தப்பு இல்லன்னு எழுதிடறேன்."

சொன்னபடி எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் முதல் பெயர் என்னவோ சோனியாவுடையதுதான். அன்று அது அவளுக்கு உறைக்கவே இல்லை. மேரியின் பிள்ளைகள்தான் கண்ணில் நின்றார்கள். அடுத்த ரயிலைப் பிடித்தாள்.

"அக்கா, இந்தத் தண்ணிய குடிக்காதீங்க. பேப்பர்ல வந்தது தப்பு."

"இன்னாடி சொல்ற? உன்ன நம்பித்தானே புள்ளைங்களுக்குக் குடுத்துக்கினு இருந்தேன்!"

சார்தான் செய்தார் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "நாளைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்க்கா. நானும் வரேன்" என்றாள்.

மேரி டிரம்மைத் தெருவில் கவிழ்த்தாள்.

சின்னவனுக்கு ஈயம் கொஞ்சம் கூடியிருந்தது. தண்ணீரை மாற்றினால் இறங்கிவிடும் என்றார் டாக்டர், இறங்கவும் செய்தது. ஆனால் அதுவரை மேரி அவளோடு பேசவில்லை.

சோனியா வேறு கைடிடம் சேர்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். முன்பின் தெரியாத இரண்டு ஆய்வகங்களுக்கும் வடிகட்டிய தண்ணீரை அனுப்பினாள். மூன்று இடத்திலும் ஒரே விடை. அதை ஆய்விதழுக்கு அனுப்புமுன் மேரி வீட்டுக்குப் போனாள்.

"ஈயம் பாதிதான்க்கா போவுது. குடிக்க ஆவாது."

மேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கா இவ்ளோ நாளா அலைஞ்சிக்கினு இருந்த?"

"ஆமாக்கா."

"முகமே வாடிப்போச்சு. உள்ள வா, சாப்ட்டுப் போ."