கண்ணாடி முன்னால் மூன்று வரி

தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரையே கேலி பண்ணுவாள். ஆனால் தன் தையல் மெஷினிடம் மட்டும் அப்படியொரு குழைவு. நூல் அறுந்தால் கோபிக்க மாட்டாள். "என் தங்கமில்ல, இன்னும் ரெண்டே மடிப்புதான்" என்று தடவிக்கொடுப்பாள். அந்தக் குழைவில் பாதியை வயிற்றில் பிறந்தவளிடம் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இப்போது கேட்டு என்ன பிரயோசனம்.

மகளுக்குப் பதினைந்து வயது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் எப்படியோ பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். தினமும் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே மூன்று நல்ல வரி சொல்லிக்கொள்ளும்படி டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது கையகலக் கண்ணாடி. அதனால் பள்ளி விட்டதும் அம்மாவின் கடைக்கு வந்து, துணி போட்டுப் பார்க்கிற இடத்தில் திரையை இழுத்துவிட்டு, ஆளுயரக் கண்ணாடி முன் நிற்பாள்.

"எனக்குச் சொல்ல விஷயம் இருக்கு. தப்பு வந்தா திருத்திக்குவேன். நான் நல்லாத்தான் பேசறேன்."

முதலில் வெறும் முணுமுணுப்புதான். மூன்றாவது வாரம் திரைக்கு வெளியே கேட்கிற அளவு குரல் வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அளவு கொடுக்க வந்த ஒரு வாடிக்கைக்கார அம்மா, "உள்ள யாரு பேசறது?" என்று கேட்டார். தையல்காரியின் வாய் சும்மா இருக்குமா?

"எங்க வீட்டு மகாராணிதான். தனக்குத் தானே சர்டிபிகேட் குடுத்துக்கறா. வேற யாரும் தரமாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு போல."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே சத்தம் நின்றது. மகள் வெளியே வந்து, பட்டன் டப்பாவைக் கவிழ்த்து நிறம் பிரிக்க உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்கிட்டியா? சும்மா தமாஷுக்குடி."

இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாள் தையல்காரி கடையைப் பூட்டிவிட்டு, போட்டி நடந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். மகள் மைக் முன்னால் வந்தாள், வணக்கம் சொன்னாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் ஒரு வார்த்தைகூட எழவில்லை. அப்படியே இறங்கிப் போனாள். பாவி, நானே என் பிள்ளை வாயைத் தைத்துவிட்டேனே என்று தையல்காரிக்கு அங்கேயே கண் நிறைந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். மகள் கண்ணாடிப் பக்கமே போகவில்லை. கடைசியில் தையல்காரியே திரையை விலக்கிவிட்டுக் கூப்பிட்டாள்.

"நான் சொன்னது தப்புடி கண்ணு. வந்து உன் மூணு வரியைச் சொல்லு. நான் வெளிய போயிடறேன்."

"பள்ளிக்கூடத்துல சொல்லிப் பாத்தேன்மா." மகள் குரலில் கோபமே இல்லை. "வாயத் திறந்தாலே நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறது கேக்குது."

தையல்காரி மெஷினில் போய் உட்கார்ந்தாள். நாலு தையலிலேயே நூல் அறுந்தது. எப்போதும் சொல்கிற 'என் தங்கமில்ல' வாய்வரை வந்தது. பக்கத்தில் மகள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரி வாயை மூடிக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.