இருபது வருடமாகப் பதினாறு

எங்கள் ஊரான கித்தெரேகாவில் நபுகீரா என்ற பெண்ணுக்கு இருபது வருடமாகப் பதினாறு வயதுதான் நடந்தது. காரணம் தெரியாதவர் ஊரில் யாருமில்லை. அவள் நடித்த படத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் போட்ட கூச்சல்தான் காரணம்.

கம்பாலாவிலிருந்து வந்த ஒரு பெண் இயக்குநர் எங்கள் ஊரிலேயே, எங்கள் ஆட்களை வைத்தே அந்தப் படத்தை எடுத்தாள். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு பெண் தண்ணீர் தூக்குகிறாள், பள்ளிக்குப் போகிறாள், அம்மாவிடம் திட்டு வாங்குகிறாள், வளர்கிறாள். கடைசியில் பையோடு வேன் நிறுத்தத்தில் நிற்கிறாள். வேன் வருவதற்குள் படம் முடிந்துவிடும். மகளாக நபுகீராவும், அம்மாவாக அவளைப் பெற்ற யூனியாவும் நடித்தார்கள். நடித்தார்கள் என்றால், வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படியே இருந்தார்கள்.

படம் செம்வாங்காவின் தகரக் கொட்டகையில் ஓடியது. செம்வாங்கா எங்கள் விஜே. திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதை எங்கள் லுகாண்டா மொழியில் சொல்லுவார். அவர்கள் பேசாததையும் கூடவே சேர்த்துச் சொல்லுவார். இந்தப் படமே லுகாண்டாவில்தான் இருந்தது. அதனால் என்ன? விஜே இல்லாமல் இங்கே எந்தப் படமும் ஓடியதில்லை. லுகாண்டாவை லுகாண்டாவிலேயே பெயர்த்துச் சொன்னார். இடையில் யாரும் பேசக் கூடாது என்று இயக்குநர் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், பாவம்.

"துப்பாக்கி எப்பய்யா வரும்?" என்று பின்வரிசை கேட்டுக்கொண்டே இருந்தது. பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை. "அடியே, சட்டி அடியில கரி அப்படியே இருக்கு, நல்லாத் தேய்டீ!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்கள். கொத்தனார் கவீசி, வாழைத்தார் கட்டிய சைக்கிளோடு திரையின் ஓரத்தில் தானே போவதைக் கண்டு எழுந்து நின்றுவிட்டார். அந்த இடத்தை நான்கு தடவை திரும்பப் போட வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. முன்வரிசையில் யூனியா வாய்விட்டு அழுதாள். அவள் அழுதது படத்துக்காக மட்டுமல்ல. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, வருகிற திங்கட்கிழமை நிஜமாகவே நபுகீரா கம்பாலாவுக்குக் கிளம்ப இருந்தாள். பெற்ற வயிறு அழுவதைப் பார்க்கச் செம்வாங்காவுக்குப் பொறுக்கவில்லை. மைக்கில் சொன்னார்: "பயப்படாதீங்க சனங்களே! புள்ள எங்கயும் போகல. வேனே வரல. ஆத்தா மத்தோக்கே வாழைக்காய் அவிச்சு, கடலைக் குழம்பு வச்சிருக்கா. இதோ வீட்டுக்குத் திரும்பிட்டா!" கொட்டகைத் தகரம் அதிரக் கத்தினோம்: "வீட்டுக்கு வா! வீட்டுக்கு வா!" எல்லோரையும்விட உரக்கக் கத்தியது யூனியாதான்.

திங்கட்கிழமை நபுகீரா வேன் ஏறினாள். "பாப்பா, உள்ள தள்ளி உக்காரு" என்றான் கண்டக்டர். இரண்டாவது குன்றைத் தாண்டியதும் வேன் எங்கள் நிறுத்தத்திலேயே வந்து நின்றது. மற்றவர்களை இறக்கிவிடவில்லை, அவளை மட்டும் இறக்கிவிட்டுப் போயிற்று. மறுநாளும் அப்படியே ஆனது. சைக்கிளில் போனாள், நடந்து போனாள், அன்னாசி லாரியில் பழங்களுக்கு அடியில் படுத்துப் போனாள். எப்படிப் போனாலும் அடுப்பில் மத்தோக்கே வேகும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்தாள். நர்ஸ் பள்ளி அவள் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டது.

அவள் சட்டை இறுகவில்லை, பாவாடை குட்டையாகவில்லை. கூடப் படித்தவர்களுக்குக் கல்யாணமாயிற்று, அவர்களுடைய பிள்ளைகள் அவளை விட உயரமானார்கள். செம்வாங்காவுக்குத் தலை முழுக்க நரைத்தது. அவள் மட்டும் அவரை அண்ணே என்றே கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க சொன்னதுதானே? நீங்களே மாத்திச் சொல்லுங்க."

ஏழாவது வருடம் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டுச் சொல்லிப் பார்த்தார். வேன் வந்தது, ஏறிவிட்டாள் என்றார். சுட்ட சோளக் கட்டை பறந்து வந்து அவர் நெற்றியில் பட்டது. "பொய் சொல்லாதய்யா!" என்றோம். அவர் சொன்னால் மட்டும் போதாது, நாங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தில் வந்த பெண் படத்தில் இருந்தபடியே தெருவில் நடப்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. வெளியூர்க்காரர்களிடம் காட்டிப் பெருமை பேசினோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். எங்கள் கல்நெஞ்சை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இருபதாவது வருடம் யூனியாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, தடி இல்லாமல் நடக்க முடியாமல் போயிற்று. மகள்தான் குளிப்பாட்டினாள். ஒரு நாள் மண்டியிட்டு அம்மாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்: "அம்மா, உனக்குப் பிறகு நான் யாருக்குத் திரும்பி வரணும்?"

யூனியா சனிக்கிழமை பிற்பகல் அந்தப் படத்தைப் போடும்படி செம்வாங்காவுக்குச் சொல்லி அனுப்பினாள். மகளிடம், "பையை எடுத்துக்கிட்டு நிறுத்தத்துல நில்லு" என்றாள்.

கடைசிக் காட்சியில் செம்வாங்கா மைக்கை அணைத்தார். நாங்கள் பழக்கதோஷத்தில் "வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தோம். யூனியா தடியை ஊன்றி எழுந்தாள். அவள் நிழல் திரையில் பாதியை மறைத்தது.

"வாயை மூடுங்கடா! அவளை இழுத்துப் பிடிச்சுக்கிட்டது நான். உங்க கத்தலுக்கு நடுவுல ஒளிஞ்சிக்கிட்டேன்." திரைப் பக்கம் திரும்பினாள். "போடீ. நான் இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல. போ."

முதலில் கவீசி, "போகட்டும்யா" என்றார். ஒவ்வொருவராக, போகட்டும் என்றோம். படத்தில் இல்லாத வேன் ஒன்று திரையில் வந்து நின்றது. நபுகீரா ஏறினாள். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

மீதியைக் கண்டக்டர் சொன்னான். முதல் குன்றில் பாவாடை இறுகியதாம், இரண்டாவது குன்றில் நெற்றியோரம் ஒரு நரை வந்ததாம். அதற்குப் பிறகும் வேன் போய்க்கொண்டே இருந்ததாம். அடுத்த ஊரில் ஆள் ஏற்றும்போது அவன் சொன்னானாம்: "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாளாம், தள்ளியும் உட்கார்ந்தாளாம்.

இப்போது அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் நிறுத்தம் மட்டும்தான் இருக்கிறது. யூனியா சனிக்கிழமைதோறும் வந்து, விளக்குப் போடும்வரை அதைப் பார்த்துவிட்டுப் போகிறாள். அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை.