பாலூத்துக் குகை நேர்த்திக்கடன்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் மாமியார் ராஜம்மாள் மட்டும் பறக்கவில்லை. தலையில் பூசைக்கூடையோடு, கரடுமுரடான அந்த மலைச்சரிவில் ஆடு மாதிரி முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன். நடுவில் நான், ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

விருத்தாசலத்தில் முதல் பஸ் பிடித்து, எங்கள் பக்கத்து மங்களூர் தாண்டி இன்னொரு பஸ் மாறி வந்திருந்தோம். மேலே சுண்ணாம்புப் பாறையில் எந்தக் காலத்துக் குகையோ, பாலூத்து என்று பெயர். கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லாத எனக்காக அத்தை நேர்ந்துகொண்ட இடம். குகைக்குள் ஒரு பொந்து இருக்கிறதாம். அதில் குப்புறப் படுத்து, வயிறு தேய ஊர்ந்துபோய், அந்தப் பக்கம் சொட்டுகிற வெள்ளைத் தண்ணீரைக் குடித்தால் பிள்ளை தங்குமாம்.

சிக்கல் என்னவென்றால், பிள்ளை ஏற்கெனவே வயிற்றில் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. இதற்கு முன் இரண்டு தடவை நாள் தள்ளியதுமே சொல்லி, தெருவே மாதுளம்பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இரண்டும் கலைந்துபோயின. நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்க்கிற பீங்கான் பட்டறையில், சூளை ஆறுவதற்குள் எவ்வளவு தேறும் என்று யாரும் வாய் திறக்க மாட்டோம். கேட்டால் உள்ளே இருக்கிற பொம்மைக்கெல்லாம் விரிசல் விழும் என்று பயம். பொம்மைக்கே அப்படி என்றால் பிள்ளைக்கு? இந்தத் தடவை வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மூடினால் மலை ஏற வேண்டிவரும் என்று யார் கண்டது!

வளைவு திரும்பியதும் காற்று என்னைப் பாறையோடு சாத்தியது. கால் சறுக்கியது. பின்னால் வந்த வீட்டுக்காரர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"என்னாடி, மொகமே வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. காத்து."

அடிவயிற்றில் சுருக்கென்றது. வெறும் பயமா, இல்லை மறுபடியும் அதேதானா? அழுகை முட்டியது. காற்றைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குகைக்குள் காற்று புகுந்து ஊளையிட்டது. அத்தை சூடம் கொளுத்திப் பார்த்தார், நிற்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பொந்தைக் காட்டினார். அது முழங்கால் உயரம்கூட இல்லை. தரையெல்லாம் கூர் கூராகக் கல்.

"ம், படு அன்பரசி. சாமிய நெனச்சிக்கினே போ."

நான் அசையவில்லை.

"இம்மாந்தூரம் வந்துட்டு என்னா யோசன?"

வீட்டுக்காரர் குகை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அத்தையின் காதருகே குனிந்தேன். சொன்னால் போய்விடுமோ, படுத்தால் போய்விடுமோ.

"அத்த... நான் தலைக்குக் குளிச்சி ரெண்டு மாசமாவுது."

அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினார். இத்தனை நாள் மறைத்ததற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பொந்துக்கு முன்னால் குப்புறப் படுத்துவிட்டார்.

"எம்மா, நீ எதுக்குப் படுக்கிற? புள்ள இல்லாதவங்கதானே போவணும்?" என் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்தார்.

"நேந்துக்கினவ நானு. நான்தான் போவேன். ஒனக்கு ஒரு தம்பி கேட்டுட்டு வரேன், போடா!"

அறுபதை நெருங்கும் உடம்பு கல்லில் உரசி உரசி உள்ளே போயிற்று. வெடித்த பாதங்கள் இரண்டும் இருட்டில் மறைந்தன. என் வீட்டுக்காரர் பொந்தில் வாயை வைத்து "அம்மா, அம்மா" என்று கத்தினார். எனக்கு இப்போது இரண்டு உயிருக்காகப் பயமாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து, மூச்சிரைக்க அத்தையின் குரல் வந்தது.

"டேய் கொளஞ்சி, அவள காத்துல நிக்க வுடாத. உள்ள தள்ளி உக்கார வையி."